37,000 அடியை 50 டிகிரி என்று படித்த விமானம்: குவாண்டாஸ் 72 நிகழ்வு ஆய்வு

விமானத்தில் ஒரு கருவி கெட்டுப்போவது பெரிய விஷயமில்லை. கெட்டுவிட்டதை அது ஒப்புக்கொண்டால் போதும். திரையில் ஒரு வரி வரும், விமானி அதற்கான நடைமுறையைப் பார்த்துச் செய்வார், அந்தக் கருவி ஓரங்கட்டப்படும், மற்றவை வேலையைத் தொடரும். தான் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே தப்பான எண்களைத் தருகிற கருவிதான் ஆபத்து. 2008 அக்டோபர் 7 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேல் அப்படி ஒரு கருவியோடு பறந்த விமானத்தின் கதை இது.

சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் போய்க்கொண்டிருந்த குவாண்டாஸ் 72, ஒரு ஏர்பஸ் ஏ330-300. பயணிகள் 303 பேர், ஊழியர்கள் 12 பேர். காக்பிட்டில் மூன்று விமானிகள்: அமெரிக்கக் கடற்படையில் போர் விமானம் ஓட்டிய அனுபவமுள்ள கேப்டன் கெவின் சல்லிவன், ஒரு முதல் அதிகாரி, ஓர் இரண்டாம் அதிகாரி. 37,000 அடி, நல்ல வானிலை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை நெருங்கிக்கொண்டிருந்தது. பகல் 12:39 மணிக்கு முதல் அதிகாரி ஓய்வுக்காக எழுந்து போனார். வலது இருக்கையில் இரண்டாம் அதிகாரி உட்கார்ந்தார்.

12:40:26. ஆட்டோபைலட் தானாகக் கழன்றுகொண்டது.

இதுவும் அவ்வளவு அபூர்வமில்லை. கேப்டன் விமானத்தைக் கையில் எடுத்தார். இரண்டாவது ஆட்டோபைலட்டைப் போட்டுப் பார்த்தார், சற்று நேரத்தில் அதையும் எடுத்துவிட்டார். அதற்குள் திரையில் செய்திகள் வரத் தொடங்கியிருந்தன. ஒன்றாவது நிலைமக் கருவியில் (விமானத்தின் அசைவையும் சாய்வையும் உணரும் கருவி) பழுது என்றது ஒரு வரி. கூடவே ஒலி எச்சரிக்கைகள்: ஸ்டால் என்று ஒன்று, வேகம் எல்லை மீறிவிட்டது என்று இன்னொன்று. ஸ்டால் என்றால் இறக்கைக்கு மேல் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை போய்விடுகிறது என்று பொருள். சீராக, மட்டமாகப் பறக்கும் ஒரு விமானம் ஒரே நேரத்தில் மிக மெதுவாகவும் மிக வேகமாகவும் போக முடியாது. கேப்டனின் திரையில் வேகமும் உயரமும் தாறுமாறாகத் துள்ளின. துணை விமானியின் பக்கத்துத் திரையும் நடுவிலிருந்த மாற்றுக் கருவிகளும் அமைதியாக இருந்தன. விமானமும் அமைதியாகத்தான் பறந்தது. அதனால் கேப்டன் தன் முன்னால் இருந்த திரையை விட்டுவிட்டு அந்த இரண்டையும் பார்த்து ஓட்டினார். முதல் அதிகாரியைக் கூப்பிடுமாறு இரண்டாம் அதிகாரியிடம் சொன்னார். அவர் கேபினுக்கான தொலைபேசியை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

12:42:27. விமானத்தின் மூக்கு சட்டென்று கீழே குத்தியது.

கோணம் 8.4 டிகிரி, இழந்த உயரம் 650 அடி. எண்களாகப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அது நடந்த வேகத்தில் ஈர்ப்பு தலைகீழாகியது: மைனஸ் 0.8 ஜி. பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள், பிறகு கீழே விழுந்தார்கள். கேப்டன் சைட்ஸ்டிக்கை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் ஓட்டும் கைப்பிடியை, பின்னால் இழுத்தார். முதலில் எந்தப் பலனும் இல்லை, அப்புறம்தான் விமானம் கேட்டது. இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்து, 12:45:08-இல், அதே மாதிரி மறுபடி. இந்த முறை 3.5 டிகிரி, 400 அடி.

இரண்டு முறையும் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது மனிதக் கைதான். ஆட்டோபைலட் இணைப்பிலேயே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டால் கணினி விலகிவிடும், விமானம் முழுக்க நம் கைக்கு வந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஏ330 போன்ற விமானங்களில் அப்படி இல்லை. சைட்ஸ்டிக்கிலிருந்து வால் பகுதியின் உயர்த்திக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பலகைக்கு) நேரடிக் கம்பி எதுவும் போகவில்லை. விமானி கேட்பது ஒரு விண்ணப்பம் மாதிரி. மூன்று முதன்மைக் கணினிகள் அதைப் பார்த்து, இயல்பான நிலையில் இருந்தால் தங்கள் பாதுகாப்பு வேலிகளுக்கு உட்பட்டு நிறைவேற்றுகின்றன. மூக்கை அளவுக்கு மேல் தூக்கி விமானத்தை ஸ்டாலுக்குள் தள்ளப் பார்த்தால் கணினி மறுத்துவிடும். தேவைப்பட்டால் தானே மூக்கைக் கீழே இறக்கும். விமானி என்ன இழுத்தாலும் அந்த வேலிக்குத்தான் முன்னுரிமை. பல உயிர்களைக் காக்கக்கூடிய ஏற்பாடு இது, சந்தேகமில்லை. அன்றைக்கு அந்த வேலி இல்லாத ஸ்டாலைத் தடுக்கக் கிளம்பியது.

பெட்டிக்குள் நடந்தது

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதைத் தோண்டி, 2011 டிசம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இப்படி.

விமானத்தில் காற்றுத் தரவும் நிலைமத் தரவும் தரும் அலகுகள் மூன்று உண்டு. வேகம், உயரம், சாய்வு, திசை எல்லாம் இவற்றிலிருந்துதான் வரும். தாக்குகோணமும் அப்படியே, அதாவது எதிரே வரும் காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்ற அளவு. ஒவ்வொரு எண்ணும் ஓர் அடையாளக் குறியோடு கணினிகளுக்குப் போகும்: இது உயரம், இது வேகம், இது தாக்குகோணம் என்று. அன்று ஒன்றாவது அலகு எண்களை ஒழுங்காகக் கணக்கிட்டு, குறியை மட்டும் அவ்வப்போது மாற்றி ஒட்டியது. சுமார் 37,000 அடி என்ற உயரத்துக்கான எண், தாக்குகோணம் என்ற சீட்டோடு போனது. அதே இரும எண்ணைக் கோணமாகப் படித்தால் 50.625 டிகிரி வரும். அந்த நேரத்தில் உண்மையான தாக்குகோணம் 2 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. 50 டிகிரி என்பது பயணிகள் விமானம் ஒன்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாத கோணம்.

கணினிகள் இதையும் சந்தேகப்படும்படிதான் எழுதப்பட்டிருந்தன. மூன்று அலகுகள் தரும் மதிப்புகளையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் திடீரென்று விலகினால், அதற்கு முன் கிடைத்த நல்ல மதிப்பையே 1.2 நொடிக்கு வைத்துக்கொள்ளும். தனியாக ஒரு துள்ளல் வந்தால் இப்படி விழுங்கிவிடலாம். விலகல் ஒரு நொடிக்கு மேல் நீடித்தால் அந்த அலகையே ஒதுக்கிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு துள்ளல் வந்து, மறைந்து, சரியாக அந்த 1.2 நொடி முடிகிற கணத்தில் இன்னொரு துள்ளல் வந்தால்? அதை இந்த வடிகட்டும் ஏற்பாடு பிடிக்கவில்லை. பொய்யான கோணம் கணக்குக்குள் நுழைந்தது. ஸ்டாலிலிருந்து காக்கும் இரண்டு ஏற்பாடுகள் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு, உயர்த்தியை ஏறத்தாழ 10 டிகிரி கீழ்நோக்கி நகர்த்தச் சொல்லின. அந்த அமைப்பு கொடுக்கக்கூடிய அதிகபட்சத்தை ஒட்டிய கட்டளை அது.

அந்த வடிகட்டியின் ஓட்டை ஏ330, ஏ340 விமானங்கள் பறந்த 2.8 கோடிக்கும் மேலான மணி நேரத்தில் இந்த ஒரு முறைதான் வெளிப்பட்டது. ஆக, காக்பிட்டில் இருந்தவர்கள் சந்தித்தது எந்தப் பயிற்சியிலும் இல்லாதது, எந்தக் கையேட்டிலும் இல்லாதது. திரை காட்டிய பழுதும் பாதி உண்மைதான். நிலைமப் பகுதியில் பழுது என்றது. உயிருக்கே உலை வைத்த தாக்குகோணம் காற்றுத் தரவுப் பகுதியிலிருந்து வந்தது. அதைப் பற்றித் திரை வாயே திறக்கவில்லை.

இனி விமானிகள் செய்தது

இரண்டு சரிவுகள் முடிந்தபோது அவர்கள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். பழுதுகளையும் அவற்றுக்கான நடைமுறைகளையும் காட்டும் ஈகாம் திரையில் செய்திகள் ஓயாமல் உருண்டுகொண்டிருந்தன. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் ஒழுங்கே அங்கு செல்லுபடியாகவில்லை. மூன்றாம் எண் முதன்மைக் கணினியில் பழுது, முதலாம் எண் கணினியில் பழுது என்று வந்தன. அவை பழுதான கணினிகளே அல்ல, பொய்த் தரவால் குழம்பியவை. ஸ்டால் எச்சரிக்கையும் வேக எச்சரிக்கையும் விடாமல் கத்தின. செயற்கைக்கோள் தொலைபேசியில் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவைப் பிடித்தார்கள். விமானத்திலிருந்து வந்த பழுதுச் செய்திகளைத் தரையிலிருந்தவர்களும் பார்த்தார்கள், ஆனால் காரணம் அவர்களுக்கும் பிடிபடவில்லை. மூன்றாவது சரிவு எந்த நொடியில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மாதிரி நேரத்தில் புத்திசாலிகளுக்கு ஒரு சபலம் வரும்: புதிரை அவிழ்த்துவிடலாம் என்று. எந்தச் சுவிட்சை அணைத்தால் சரியாகும், எந்தக் கணினியை மீண்டும் தொடங்கலாம் என்று யோசனை ஓடும். பின்னால் மூன்றாண்டு ஆய்வு தேவைப்பட்ட ஒரு விஷயத்தைப் பத்து நிமிடத்தில் காக்பிட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. அவர்கள் செய்தது வேறு. எதை நம்பலாம் என்ற பட்டியலைச் சுருக்கினார்கள். கைமுறை ஓட்டம், மாற்றுக் கருவிகள், துணை விமானி பக்கத்துத் திரை, கண்ணுக்குத் தெரிந்த வெளி. மீதி எல்லாவற்றையும் சந்தேகக் கணக்கில் எழுதினார்கள். முதல் அதிகாரி திரும்பி வந்து வலது இருக்கையில் உட்கார, இரண்டாம் அதிகாரி பின்னிருக்கைக்குப் போனார். மூன்றாவது ஜோடிக் கண்கள் இருந்தது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் பறக்க, ஒருவர் பேச, ஒருவர் பார்க்க.

12:49-க்கு 'பான்' (உடனடி உயிராபத்து இல்லாத அவசரநிலை) அறிவித்து, லியர்மந்த்தில் இறங்கப் போவதாகச் சொன்னார்கள். மேற்கு ஆஸ்திரேலியக் கரையில், எக்ஸ்மவுத் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள விமானப்படைத் தளம் அது. முதல் சரிவு நடந்த இடத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். கேபினில் எத்தனை பேருக்கு எவ்வளவு அடி என்ற விவரம் வந்ததும் 12:54-க்கு அதை 'மேடே' ஆக, அதாவது உச்சகட்ட ஆபத்து அழைப்பாக, உயர்த்தினார்கள். பெர்த்துக்குப் போனால் பெரிய மருத்துவமனைகள் இருந்தன, ஆனால் அதுவரை பறக்க இந்த விமானத்தை நம்ப வேண்டும். நம்பிக்கைப் பட்டியலில் அது இல்லை. லியர்மந்த்தை நோக்கி அகன்ற வட்டங்கள் போட்டு உயரத்தைக் குறைத்தார்கள், கட்டுப்பாடு எப்படிக் கேட்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தபடியே இறங்கினார்கள். 13:32-க்குச் சக்கரம் தரையைத் தொட்டது. முதல் சரிவிலிருந்து 50 நிமிடம்.

ஒரு முரணும் இதில் உண்டு. இரண்டாவது சரிவுக்குப் பிறகு கணினிகள் குழம்பியதில் விமானம் இயல்பு விதியிலிருந்து (எல்லாப் பாதுகாப்பு வேலிகளும் உள்ள கணினிக் கட்டுப்பாட்டு முறை) வேலிகள் குறைந்த மாற்று விதிக்கு இறங்கியிருந்தது. மாற்று விதியில் அந்த ஸ்டால் தடுப்பு வேலி வேலை செய்யாது. அதாவது, பாதுகாப்பை இழந்த பிறகுதான் விமானம் பாதுகாப்பானது. மூன்றாவது சரிவு வந்திருக்கவே வாய்ப்பில்லை. இது நமக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த 50 நிமிடமும் அடுத்த குத்துக்குத் தயாராகவே அவர்கள் ஓட்ட வேண்டியிருந்தது.

எச்சரிக்கையை நம்பாதே என்று சொல்லிவிடலாமா?

இந்த நிகழ்வைப் படிப்பவர்கள் பலர் அவசரப்பட்டு இந்த முடிவுக்கு வருகிறார்கள். குவாண்டாஸ் விமானிகள் ஸ்டால் எச்சரிக்கையை நம்பவில்லை, தப்பித்தார்கள், ஆகவே சந்தேகம்தான் சரி என்று.

எட்டு மாதம்கூடக் கழியவில்லை. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447, அதே ஏ330 குடும்பம், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல். வேகத்தை அளக்கும் பிடோ குழாய்களில் பனி அடைத்தது, ஆட்டோபைலட் கழன்றது. இங்கே இயந்திரம் பொய் சொல்லவில்லை. வேகம் நம்பத்தக்கதாக இல்லை என்பதை உணர்ந்து, மாற்று விதிக்குப் போய், பொறுப்பை மனிதரிடம் கொடுத்தது. அடைப்பு ஒரு நிமிடத்துக்குள் நீங்கியும்விட்டது. ஆனால் ஓட்டிக்கொண்டிருந்தவர் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார். ஸ்டால் எச்சரிக்கை 54 நொடி இடைவிடாமல் ஒலித்தது. அது உண்மையான எச்சரிக்கை. அதற்கேற்ப யாரும் மூக்கை இறக்கவில்லை. ஆட்டோபைலட் போனதிலிருந்து கடலில் விழும் வரை 4 நிமிடம் 23 நொடி. 228 பேரும் இறந்தார்கள்.

ஒரே ஒலி. ஒரு விமானத்தில் பொய், இன்னொன்றில் மெய். ஆகவே எச்சரிக்கையை நம்பு என்றோ நம்பாதே என்றோ விதி எழுதிப் பயனில்லை. பொய்யையும் மெய்யையும் பிரித்துக் காட்டியது வேறு இரண்டு விஷயங்கள்: மூக்கின் சாய்வு, எஞ்சினின் விசை. குவாண்டாஸ் 72-இல் மூக்கு பயண நிலையில் இருந்தது, விசை பயண அளவில் இருந்தது, உயரம் ஏறத்தாழ நின்ற இடத்தில் நின்றது. அப்படிப்பட்ட விமானம் ஸ்டாலில் இருக்க முடியாது. 447-இல் மூக்கு வானத்தைப் பார்த்தபடி இருக்க, உயரமானி வேகமாகக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டால் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காக்பிட்டில் தானியங்கி சொதப்பும்போது எல்லாப் பயிற்சியும் முதலில் சாய்வையும் விசையையும் பிடி என்று சொல்வது சும்மா சடங்குக்காக இல்லை. இந்த இரண்டு அளவுகளும் தாக்குகோணக் கருவியையோ பிடோ குழாயையோ நம்பி இருப்பவை அல்ல.

இன்னொரு கோணத்துக்கு 2014 நவம்பர் 5 நிகழ்வைப் பார்க்கலாம். லுஃப்தான்சா 1829, ஏ321, பில்பாவோவிலிருந்து மியூனிக்குக்கு, 109 பேர். ஏறும்போது மூன்று தாக்குகோண உணரிகளில் இரண்டு ஒரே நிலையில் உறைந்துபோயின. கணினிகள் வாக்கெடுப்பு நடத்தின. உறைந்த இரண்டும் ஒத்துப்போனதால் அவை சொன்னதே பெரும்பான்மை, சரியாக இருந்த ஒன்று தோற்றது. 31,000 அடி அருகே விமானம் மூக்கை இறக்கி, நிமிடத்துக்கு 4,000 அடி என்ற கணக்கில் இறங்கத் தொடங்கியது. விமானிகள் சைட்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து 27,000 அடியில் நிறுத்தினார்கள், ஆனால் விட்டால் மறுபடி இறங்கும். ஆகவே பிடித்தபடியே தரைப் பொறியாளர்களோடு பேசினார்கள். பிறகு காற்றுத் தரவு அலகை அணைத்து, விமானத்தை வேண்டுமென்றே மாற்று விதிக்குக் கொண்டுபோனார்கள். வேலி விழுந்தது, விமானம் சொன்னபடி கேட்டது, மியூனிக்கில் பத்திரமாக இறங்கியது. அடுத்த மாதமே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவசர ஆணை போட்டது: இப்படி நடந்தால் ஒரு காற்றுத் தரவு அலகை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அணைக்க வேண்டும். நல்ல அலகு எது, கெட்டது எது என்று விமானி கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஒப்பிட இரண்டு பேர் இல்லாமல் போனால் கணினி தானாக வேலியை எடுத்துவிடும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக அழகான நடைமுறைகளில் இது ஒன்று.

ஆனால் 2008-இல் சல்லிவன் குழுவிடம் அப்படி ஒரு நடைமுறை இல்லை. அதனால் அவர்கள் அணைக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் திரையில் இருந்த வரி, காற்றுத் தரவு அலகை அணைக்கச் சொல்லவில்லை. எது எதோடு பின்னியிருக்கிறது என்று தெரியாத நிலையில், ஏற்கனவே இரண்டு முறை குத்திய விமானத்தில், கண்ட பொத்தானை அழுத்திப் பார்ப்பது துணிச்சல் ஆகாது.

கேபின் கணக்கு

பயணிகளில் குறைந்தது 110 பேருக்கும் ஊழியர்களில் 9 பேருக்கும் காயம். அவர்களில் 12 பேருக்குக் கடுமையானது. காயங்களில் பெரும்பகுதி முதல் சரிவில் நடந்தது. 60-க்கும் மேற்பட்ட பயணிகள் இருக்கையில்தான் இருந்தார்கள், பெல்ட் மட்டும் போட்டிருக்கவில்லை. காக்பிட்டில் எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த இரண்டு நொடியை யாரும் தடுத்திருக்க முடியாது. முதல் சரிவுக்குப் பின் பெல்ட் விளக்கைப் போட்டு, எல்லோரும் உட்கார்ந்து பெல்ட் போடும்படி அறிவித்திருந்தார்கள். சீட் பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும் பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டிருங்கள் என்ற அறிவிப்பை நாம் எல்லோரும் காதில் வாங்காமல் விடுவோம், நானும் விட்டிருக்கிறேன்.

இனி அந்த அலகு. குறியை மாற்றி ஒட்டும் இந்தக் கோளாறு, அதே வகை அலகுகள் இயங்கிய 12.8 கோடிக்கும் மேலான மணி நேரத்தில் மூன்றே முறை பதிவானது. 2006 செப்டம்பரில் ஒரு முறை: அதே விமானம், அதே அலகு. அப்போது மூக்கு குத்தவில்லை. இரண்டாவது, இந்த அக்டோபர் 7. மூன்றாவது, அதே ஆண்டு டிசம்பர் 27, குவாண்டாஸின் வேறொரு ஏ330, வேறோர் அலகு, பெர்த்திலிருந்து சிங்கப்பூர் போகும் வழி. எது அந்த அலகைக் குழப்பியது என்று பணியகம் பல காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. எதுவும் உறுதியாகவில்லை. மூல காரணம் இன்றும் திறந்தே இருக்கிறது. அதனால் சரிசெய்தல் வேறு இடத்தில் நடந்தது: முதன்மைக் கணினிகளின் மென்பொருளில் அந்த 1.2 நொடி ஓட்டையை அடைத்தார்கள். அலகு மறுபடி பொய் சொன்னாலும் கணினி ஏமாறாது.

மென்பொருள் வரும் வரை இடைக்கால ஏற்பாடாக, ஏர்பஸ் அக்டோபரிலேயே விமானிகளுக்கு ஒரு புதிய நடைமுறை அனுப்பியிருந்தது: நிலைமக் கருவியில் பழுது என்று இந்த வரி வந்தால், அதே அலகின் காற்றுத் தரவுப் பகுதியையும் சேர்த்து அணைத்துவிடுங்கள். டிசம்பர் 27 அன்று ஆட்டோபைலட் கழன்று அந்த வரி திரையில் வந்தபோது, அந்த விமானிகள் இரண்டு பொத்தான்களையும் அழுத்தினார்கள். மூக்கு குத்தவில்லை. விமானத்தைத் திருப்பிக்கொண்டு பெர்த்தில் இறங்கினார்கள்.